எடுத்த படங்களும் எஞ்சிய படங்களும்: சிசிலி, மால்டா பயணத்திலிருந்து

இத்தாலியின் சிசிலித் தீவுக்கும் அருகிலுள்ள மால்டா நாட்டுக்கும் அக்டோபரில் போகலாம் என்று அக்கா சொன்னதற்கு விமானக் கட்டணம் காரணம். நான் உடனே ஒப்புக்கொண்டதற்கு வெளிச்சம் காரணம். சிசிலியின் சிரக்கூசா நகரில் ஜூன் மாத நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 76 பாகை உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அந்த வெயிலில் முகங்களை எடுத்தால் கண்கள் இருண்ட குழிகளாகிவிடும். அக்டோபர் நடுவில் அதே சூரியன் சுமார் 45 பாகைக்குத்தான் ஏறுகிறது. நண்பகலிலும் சுவர்ச் சிற்பங்களுக்கு நிழல் கிடைக்கிறது, நிழல் இருந்தால்தான் சிற்பத்தின் மேடுபள்ளம் படத்தில் வரும். கோடையில் ஐந்தே முக்காலுக்கு முன்பே விடிந்துவிடுகிற ஊரில் அக்டோபரில் ஏழு மணி வாக்கில்தான் சூரியன் எழுகிறது. ஆறு மணிக்கு எழுந்து, காபி குடித்துவிட்டு நிதானமாக நடந்து போனாலும் முதல் ஒளியைப் பிடித்துவிடலாம். சென்னையைவிட அங்கே சூரியன் சாய்வான பாதையில் இறங்குவதால் அந்தியும் சற்று நீள்கிறது. பயணத் தேதியைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதிப் படங்களைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம் என்பது என் உறுதியான எண்ணம்.

கத்தானியாவில் இறங்கினோம். அது கறுப்பு ஊர். எட்னா எரிமலையின் குழம்பு இறுகிய கல்லால்தான் தெருக்களைப் பாவியிருக்கிறார்கள், கட்டடங்களிலும் அதே கல். பேராலயச் சதுக்கத்தின் நடுவே முதுகில் தூணைச் சுமந்து நிற்கும் யானையும் எரிமலைக் கல்லில் செதுக்கியதுதான். தெற்கே கடலோரமாக ரயிலில் போனால் சிரக்கூசா, அங்கே எல்லாம் வெளிறிய சுண்ணாம்புக்கல். இந்த இரண்டு ஊர்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது புகைப்படக்காரருக்கு நல்ல பயிற்சி. கேமராவின் ஒளி அளவி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே கணக்குப் போடுகிறது. அதனால் கத்தானியாவின் கறுப்புத் தெருவைத் தேவைக்கு மேல் வெளுக்க வைக்கும், சிரக்கூசாவின் வெள்ளைச் சதுக்கத்தை அழுக்குச் சாம்பலாக்கும். கறுப்புக் கல்லுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியை, அரை நிலையிலிருந்து (ஸ்டாப்) ஒரு நிலை வரை குறைத்தேன், வெள்ளைக் கல்லுக்கு அதே அளவு கூட்டினேன். மொபைலில் எடுப்பவர்கள் திரையைத் தொட்டால் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்தால் போதும். அக்காவுக்கு இதை ஒருமுறை காட்டினேன். அதன்பின் அவள் மொபைல் படங்களில் கல் கல்லின் நிறத்திலேயே இருந்தது.

கத்தானியாவின் மீன் சந்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேராலயச் சதுக்கத்தின் நீரூற்றுக்குப் பின்னால் படிகளில் இறங்கினால் சந்தை. காலை நேரத்தில் மட்டும்தான், ஞாயிறு கிடையாது. வாள்மீனின் தலையை வெட்டி, நீண்ட அலகு வானத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தி வைத்திருப்பார்கள். வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவுவார்கள். கடைகளுக்கு மேலே சிவப்புத் துணிப் பந்தல். அந்தச் சிவப்பில் மீன் பளிச்சென்று தெரியும், ஆனால் பந்தலுக்குக் கீழே நிற்கும் மனித முகமும் வெள்ளிநிற நெத்திலியும் பனிக்கட்டியும் எல்லாமே சிவந்துவிடும். கேமராவின் தானியங்கி வண்ணச் சமநிலை இதைச் சரிசெய்யப் போய்ப் பச்சையை அள்ளிக் கொட்டும். இரண்டு வழிகள் உண்டு. ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலப் பதிவாக எடுத்தால் நிறத்தை வீட்டில் திருத்திக்கொள்ளலாம். அதைவிட நல்லது, பந்தலின் விளிம்பில், வெளி வெளிச்சம் பக்கவாட்டில் விழும் கடையாகப் பார்த்து நிற்பது. பந்தலின் நடுவில் இரண்டு விதமான ஒளி கலந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது.

சந்தையில் முதலில் எதையாவது வாங்குங்கள். நாங்கள் ஆலிவ் காய் கொஞ்சம் வாங்கினோம். பிறகு கேமராவைக் காட்டி "போஸ்ஸோ?" (எடுக்கலாமா?) என்று கேட்டால் போதும். பெரும்பாலும் தலையசைப்பார்கள், மறுத்தால் சிரித்துவிட்டு நகர வேண்டும். கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். நான் கண்டது வேறு. அனுமதி கிடைத்ததும் முதல் சில நொடிகள் அவர் நிமிர்ந்து நிற்பார். அப்போது ஒரு படம் எடுத்து அவருக்கே காட்ட வேண்டும். அதற்குள் அடுத்த வாடிக்கையாளர் வந்துவிடுவார், கத்தி மீண்டும் மீனுக்குள் இறங்கும். நீங்கள் நிற்பதை மறந்துவிடுவார். அதற்குப் பிறகு எடுக்கும் படங்களில்தான் உயிர் இருக்கும். இத்தாலியச் சட்டப்படியும் ஒருவரின் உருவப்படத்தை வெளியிடப் பொதுவாக அவருடைய சம்மதம் வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் நான் கேட்டுத்தான் எடுப்பேன். ஒருவர் வயிற்றுப்பாட்டுக்காக உழைக்கும் இடத்தில் திருட்டுத்தனமாக லென்ஸை நீட்டுவது எனக்குப் பிடிக்காது.

அதே ஊரில் எட்னாவையும் எடுத்தோம். 3,300 மீட்டருக்கு மேல் உயரம், ஐரோப்பாவின் மிக உயரமான இயங்கும் எரிமலை. ஊரின் பெரிய வீதியான வியா எட்னியா அந்த மலையை நோக்கியே நேராக ஓடுகிறது. மதியத்துக்குள் சிகரத்தை மேகம் மூடிவிடும் என்பதால் விடிகாலையில் இருட்டோடு இருட்டாகக் கிளம்பி, வீதி முழுக்க நடந்து, மின்கம்பியோ விளம்பரப் பலகையோ குறுக்கே வராத இடம் தேடி நின்று எடுத்தேன். படம் தெளிவாக வந்தது, உச்சியில் மெல்லிய புகையும் இருந்தது. ஊர் திரும்பி ஆல்பத்துக்குப் படங்களைப் பொறுக்கியபோது அதை நீக்கிவிட்டேன். ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் சொல்ல முயல்கிறேன். நடந்த தூரமும் குளிரும் காத்திருந்த நேரமும் எனக்குத்தான் தெரியும். பார்ப்பவருக்குத் தெரிவது ஒரு தெருவும் ஒரு மலையும் மட்டுமே. படத்துக்காக நான் பட்ட பாடு படத்துக்குள் இல்லை.

சிரக்கூசாவின் பழைய நகரம் ஓர்த்திஜா என்ற சிறிய தீவில் இருக்கிறது. அங்குள்ள பேராலயத்தைப்போல ஒரு கட்டடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்கர் கட்டிய அதீனா கோயிலின் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பித் தேவாலயமாக்கியிருக்கிறார்கள். 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு, பதினெட்டாம் நூற்றாண்டில் முகப்பு மட்டும் பரோக் பாணியில் புதிதாக வந்தது. எல்லோரும் முகப்பைத்தான் எடுக்கிறார்கள். அது மேற்குப் பார்த்தது, காலையில் முழுக்க நிழலில் கிடக்கும், மாலை நான்கு மணிக்கு மேல் பொன்னாகும். அதையும் எடுங்கள். ஆனால் இடப்பக்கம் வியா மினெர்வா என்ற சந்துக்குள் திரும்புங்கள். வெளிச்சுவரில் பாதி புதைந்தபடி, பட்டை தீட்டிய, டோரிக் என்ற பழங்கிரேக்கப் பாணித் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. வடக்குப் பார்த்த சுவர் என்பதால் அக்டோபரில் நேர் வெயிலே படாது. நாள் முழுக்க மென்மையான ஒளிதான். மற்ற இடங்களில் எல்லாரும் ஒளிந்துகொள்ளும் மதிய வேளையை நான் இந்தச் சந்தில் செலவிட்டேன். முகப்பின் படம் ஓர் அழகான தேவாலயம் என்று சொல்கிறது. இந்தச் சுவரின் படமோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரே இடத்தில் மனிதர்கள் கும்பிட்டு வந்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. ஆல்பத்தில் சுவருக்கு முழுப் பக்கம் கொடுத்தேன், முகப்பு கால் பக்கத்தில் அடங்கியது.

தூணை அருகில் எடுக்கும்போது ஒரு மனிதரோ மனிதக் கையோ படச் சட்டகத்துக்குள் வரட்டும். அக்கா தன் உள்ளங்கையைத் தூணின் பள்ளத்தில் வைத்தாள். அந்த ஒரு கையால் தூணின் பருமன் புரிந்துவிட்டது. இடிபாடுகளைத் தனியே எடுத்தால் அவை எவ்வளவு பெரியவை என்பது பார்ப்பவருக்குப் பிடிபடாது.

நோட்டோவுக்கு ஒரு மாலை போய்வந்தோம். அதே நிலநடுக்கத்தில் அழிந்து வேறிடத்தில் முழுக்கப் புதிதாகக் கட்டிய ஊர். 2002 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அந்த வட்டாரத்துப் பரோக் ஊர்களில் ஒன்று. முக்கிய வீதி கிழக்கு மேற்காக ஓடுவதால் மாலைச் சூரியன் வீதியின் நீளத்துக்குப் பாய்கிறது. தேன்நிறக் கல் அந்த அரைமணி நேரம் எரிவதுபோல் ஒளிர்கிறது. மதியம் அங்கே போகாதீர்கள், அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

சிசிலியின் தென்கரையில் உள்ள பொசாலோவிலிருந்து மால்டாவுக்கு அதிவேகப் படகு. இரண்டு மணி நேரத்துக்குள் தலைநகர் வல்லெட்டாவின் துறைமுகத்துக்குள் நுழைந்துவிடுகிறது. படகில் எடுப்பவர்களுக்குச் சில குறிப்புகள். முழங்கையைக் கம்பியில் ஊன்றாதீர்கள், எஞ்சினின் அதிர்வு கம்பி வழியாகக் கேமராவுக்கு ஏறும். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கால்களை அகட்டி நின்று, ஷட்டரை 1/500 நொடிக்கு மேல் வேகமாக வையுங்கள். உப்புத் தூறல் லென்ஸில் பட்டால் காய்ந்த துணியால் தேய்க்கக் கூடாது, உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மென்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு காய்ந்த துணி. போலரைசர் ஃபில்டர் இருந்தால் கடலின் கண்ணைப் பறிக்கும் பளபளப்பைக் குறைத்து அடிநீலத்தைக் கொண்டுவரும். அது சூரியனுக்குச் செங்கோணத்தில் திரும்பியிருக்கும்போதுதான் வானத்தில் நன்றாக வேலை செய்யும். அகலக் கோண லென்ஸில் அதைப் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகித் திட்டுத்திட்டாகத் தெரியும். அப்போது கழற்றிவிடுவதே மேல்.

வல்லெட்டாவை 1565இல் ஒட்டோமான் படை மால்டாவை முற்றுகையிட்டதற்குப் பிறகு, 1566இல் அடிக்கல் நாட்டிக் கட்டினார்கள். நேர்கோட்டுத் தெருக்கள், இரு பக்கமும் உயர்ந்த வீடுகள், பச்சையும் சிவப்புமாக மூடிய மரப் பலகணிகள், தெரு முடிவில் கடல். தெரு குறுகலாகவும் ஆழமாகவும் இருப்பதால் பாதி கடும் நிழல், பாதி கடும் வெயில். கேமரா இரண்டையும் ஒருசேரக் காட்ட முடியாமல் திணறும். நான் வெயில் விழும் பட்டைக்கு எக்ஸ்போஷரை வைத்து, நிழலைக் கறுக்கவிட்டு, யாராவது அந்தப் பட்டைக்குள் நடந்து வரும்வரை காத்திருந்தேன். காய்கறிப் பையோடு ஒரு பாட்டி வந்தார், முகம் எதிர்த்திசையில். அந்தப் படம் எஞ்சியது.

அப்பர் பராக்கா தோட்டத்திலிருந்து பெருந்துறைமுகத்துக்கு அப்பால் உள்ள மூன்று நகரங்களை எடுப்பதென்றால் மாலையில் போங்கள். தென்கிழக்குப் பார்த்த காட்சி அது, காலையில் சூரியன் எதிரே நின்று எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும். மாலையில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் ஒளி கோட்டைச் சுவர்களில் விழும். கீழ்த்தளத்தில் நண்பகலிலும் மாலை நான்கு மணிக்கும் பீரங்கி வெடிப்பார்கள். தொடர் படப்பிடிப்பில் வைத்துக்கொண்டால் புகை விரியும் நொடி கிடைக்கும். நான் காதைப் பொத்திய குழந்தைகளையும் அவர்கள் பெற்றோரிடம் கேட்டு எடுத்தேன். அது வீட்டு ஆல்பத்தில் மட்டும் இருக்கிறது. பிறர் குழந்தைகளின் முகத்தை இணையத்தில் ஏற்றுவதில்லை என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

மார்சஷ்லொக் என்ற மீனவ ஊரின் வண்ணப் படகுகளுக்கு லுஸ்ஸு என்று பெயர். நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சைப் பட்டைகள், முன்பக்கத்தில் இரண்டு கண்கள். பினீஷியர் காலத்து வழக்கத்தின் தொடர்ச்சி என்று சொல்கிறார்கள். சுற்றுலா அட்டைகளில் வரும் படத்தில் படகும் நீலத் தண்ணீரும் மட்டும் இருக்கும். அங்கே நின்றால் விரிகுடாவின் மறுகரையில் தெலிமாரா மின்நிலையம் கண்ணில் படும். நான் இரண்டு விதமாகவும் எடுத்தேன்: படகின் கண்ணை மட்டும் நெருக்கமாக ஒன்று, படகுகளுக்குப் பின்னால் மின்நிலையம் தெரியும்படி ஒன்று. அக்காவுக்கு முதலாவது பிடித்தது. எனக்கு இரண்டாவதைக் கைவிட மனமில்லை. வலையைச் செப்பனிடும் மீனவர் தினமும் பார்ப்பது இரண்டையும்தானே. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தோம்.

கோசோ தீவில் துவேய்ரா கடற்கரைக்கும் போனோம். பல ஆண்டுகளாக மால்டாவின் அடையாளமாக அச்சான அஷுர் விண்டோ என்ற இயற்கைக் கல்வளைவு அங்கேதான் இருந்தது. 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் விழுந்துவிட்டது. இன்று அங்கே திறந்த கடல்தான். அப்படி ஓர் இடத்தில் நின்றால், நம் பயணப் படங்கள் எல்லாமே ஆவணங்கள் என்பது உறைக்கிறது. அழகாக வந்ததோ இல்லையோ, தேதியும் இடமும் சரியாக இருக்க வேண்டும். எனவே கிளம்புமுன் கேமராவின் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். இத்தாலியும் மால்டாவும் கோடை நேரத்தில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியவை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைத் திருப்பிவைப்பதால் நாலரை மணி நேரமாகிவிடும். மொபைல் தானே மாறிக்கொள்ளும், கேமரா பெரும்பாலும் மாறாது. இதைக் கவனிக்காவிட்டால் இரண்டின் படங்களையும் சேர்த்து அடுக்கும்போது காலை உணவும் இரவு உணவும் கலந்துவிடும்.

ஒவ்வொரு இரவும் விடுதியில் செய்தது இவ்வளவுதான்: மெமரி கார்டிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு நகல், சிறிய ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு நகல். டிஸ்க் அக்காவின் பையில், லேப்டாப் என் பையில். இரண்டும் ஒரே பையில் இருந்தால் ஒரு திருட்டில் பயணமே போய்விடும். கூடுதல் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் சரக்குப் பெட்டியில் போட விடமாட்டார்கள். அங்கிருந்தபோது ஒரு படத்தையும் அழிக்கவில்லை. சின்னத் திரையில் களைத்த கண்ணோடு அழித்தால் நல்லதும் போய்விடும்.

ஊருக்கு வந்தபின் சில வாரங்கள் அந்தக் கோப்புகளைத் திறக்கவில்லை. இந்த இடைவெளி மிகவும் தேவை. பயணம் முடிந்த சூட்டில் ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது அதன் வாசனையும் சத்தமும் சேர்ந்தே வரும், எதையும் விட மனம் வராது. நினைவு சற்று ஆறிய பிறகு திறந்தால், படத்தில் உண்மையாக இருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும். முதல் சுற்றில் கலங்கியவை, கண் மூடியவை, ஒன்றுபோல் இருப்பவை நீங்கின. இது முறத்தில் புடைப்பதுபோல வேகமாக நடக்க வேண்டிய வேலை. இரண்டாவது சுற்றில் எல்லாப் படங்களையும் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். அந்த அளவிலும் கண்ணை இழுக்கும் படத்தின் கட்டமைப்பு உறுதியானது. பெரிதாக்கினால் மட்டும் நன்றாக இருக்கும் படம் பெரும்பாலும் நல்ல லென்ஸின் வேலை.

மூன்றாவது சுற்று கடினமானது. பயணத்துக்கு வராத ஒருவர் வேண்டும். எனக்கு அம்மா. பக்கத்தில் உட்கார வைத்து, நான் எதுவும் விளக்காமல் படங்களைக் காட்டினேன். விளக்கக் கூடாது என்பது முக்கியம். வாய் திறந்தால் படத்தில் இல்லாததை நாம் சேர்த்துவிடுவோம். எட்னா வந்தபோது அம்மா "மலை" என்று சொல்லிவிட்டு அடுத்ததைப் பார்க்கத் தயாரானார். தூணில் அக்காவின் கை வந்தபோது நிறுத்தச் சொன்னார். "கோயில் தூணைச் சுவருக்குள்ளேயே விட்டுவிட்டார்களா? ஏன் இடிக்கவில்லை?" என்று கேட்டார். சந்தைப் படத்தில், "இவ்வளவு பெரிய மீனை முழுசாக யார் வாங்குவார்கள்?" வல்லெட்டா பலகணிகளைப் பார்த்து, "துணி எங்கே காயப் போடுவார்கள்?" அதற்குப் பதில் இன்னொரு படத்தில் இருந்தது, நான் ஒதுக்கி வைத்திருந்த படம். கொடியில் துணி தொங்கும் பின்சந்து. அதைத் திரும்ப எடுத்துப் பலகணிக்குப் பக்கத்தில் வைத்தேன். கேள்வி கேட்க வைத்த படங்கள் தங்கின. அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல வைத்தவற்றில் மிகச் சிலவற்றையே வைத்துக்கொண்டேன். அவற்றில் ஒன்று நோட்டோவின் மாலை வீதி. அழகு மட்டும் போதும் என்று சொல்லத்தக்க படங்களும் உண்டு.

வரிசைப்படுத்தும்போது நாள் வாரியாக அடுக்கவில்லை. கத்தானியாவின் கறுப்புத் தெருவுக்கு எதிரே சிரக்கூசாவின் வெள்ளைச் சதுக்கம், மீன் சந்தைக்கு எதிரே மார்சஷ்லொக் படகு என்று ஒன்றோடொன்று பேசும்படி வைத்தோம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொலைவுக் காட்சி, நடைத் தூரத்தில் ஒன்று, கையெட்டும் தூரத்தில் ஒன்று இருந்தால் ஆல்பம் புரட்டுபவருக்கு அந்த ஊருக்குள் நடந்துபோன உணர்வு வருகிறது. எடுக்கும்போதே இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் பிறகு தேடி அலைய வேண்டாம். மூன்றில் பெரும்பாலானோர் தவறவிடுவது கையெட்டும் தூரத்துப் படத்தைத்தான்: கதவின் தட்டுவளையம், உப்பில் கிடக்கும் நெத்திலி, படகின் உரிந்த சாயம்.

அச்சிடும் முன் கடல் வரும் படங்கள் எல்லாவற்றிலும் அடிவானத்தை நேராக்குங்கள். திரையில் பொறுத்துக்கொள்கிற அரைப் பாகைச் சாய்வு காகிதத்தில் உறுத்தும். கடல், வான நீலங்களைத் திரையில் பார்த்து அதிகமாக ஏற்றிவிடாதீர்கள், காகிதத்தில் அவை மையாகத் தேங்கும். ஒளி முழுக்கத் திரும்பி அடிக்காத மேட் காகிதம் சுண்ணாம்புக்கல்லுக்கு நன்றாகப் பொருந்தியது. முழு ஆல்பத்தையும் கொடுக்குமுன் ஒரு கறுப்புப் படம், ஒரு வெள்ளைப் படம், ஒரு முகம் என மூன்றை மட்டும் சோதனையாக அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

தனிப் பிரதிகளின் பின்புறத்தில் ஊர், தேதி, யார் என்பதை மென்மையான பென்சிலால் லேசாக எழுதி வைக்கிறேன். பேனா மை சில ஆண்டுகளில் முன்பக்கத்துக்கு ஊறும், அடுக்கி வைத்தால் அடுத்த படத்திலும் ஒட்டும். சந்தை வியாபாரியின் படத்தில் இரண்டு பிரதி போட்டோம். அவர் கடை முகவரியை அக்கா அன்றே எழுதி வாங்கியிருந்தாள். ஒரு பிரதி இந்த வாரம் தபாலில் போகிறது.